கரை வாங்கிய அடி

ஓடைக்குறிச்சிப் பெரிய கண்மாயின் கரை முதன்முதலாக வாங்கிய அடி, டீக்கடை மாயழகு தன் பெண்டாட்டி முத்துராக்கின் கன்னத்தில் விட்ட அறை. அறை விழுந்தது சனிக்கிழமை சாயங்காலம், டீக்கடையின் பின்கட்டில். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு கரையேறிய பூமயில், வடக்கு வளைவில் ஒரு பிளவைப் பார்த்து, புதுக்கரை காய்ந்து வெடித்திருக்கிறது என்று நினைத்துக் குனிந்து கையை உள்ளே விட, பக்கத்தில் நின்ற முத்துராக்கு தன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, அங்க தொடாதக்கா, வலிக்குது என்றாள். பூமயில் பிளவையும் பார்த்தாள், கன்னத்தையும் பார்த்தாள். இரண்டிலும் நாலு விரல் தடம் இருந்தது.

அந்தக் கரை எப்படி எழும்பியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தலைமுறையாகக் கண்மாய்க்குள் சீமைக் கருவேலம் மண்டி, ஆடு நுழைந்தால் தோலோடு வெளியே வர முடியாத முள்காடாகக் கிடந்தது. புறம்போக்குதானே, யார் வீட்டுச் சொத்து என்று ஊர் அதில் குப்பையைக் கொட்டியது, செங்கல் சூளை வைத்திருந்த செவந்தியப்பன் அதில் மண்ணை அள்ளினான், கேட்பாரில்லை. மாவு மில் நடத்திய பூமயிலுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. மிளகாயும் கோதுமையும் அரைக்க வருகிறவர்களிடம் அரைத்து முடிக்கிற வரை கண்மாயைப் பற்றியே பேசி, மாவைக் கொடுக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வா என்பதையும் சேர்த்துக் கொடுத்தாள். முதலில் அவளும் அவள் புருஷன் இருளப்பனும் கொழுந்தன் தவசியும்தான். பிறகு முத்துராக்கு வந்தாள், பிறகு தெருவுக்கு நாலு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் என்று ஊர் அவர்களைக் கேலி பேசியது, கேலி பேசியவர்களே கொஞ்ச நாளில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். இருளப்பன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கரையில் குழாயைக் கட்டிப் பாட்டுப் போடுவான், பாட்டுக்குத் தகுந்த மாதிரி மண்வெட்டி விழும்.

முள்ளை வேரோடு பிடுங்கி முடித்த பிறகு, கரையை உயர்த்த மண் பற்றவில்லை. நல்ல களிமண் பூராவும் செவந்தியப்பனின் சூளையில் செங்கல்லாக வெந்து வெளியூர் போயிருந்தது. அப்போது பூமயில் சொன்ன யோசனைதான் வீட்டுக்கு ஒரு கூடை வாசல் மண். தினமும் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, அந்த வீட்டில் நடந்தது அத்தனையையும் கேட்டுக்கொண்டு கிடந்த மண். ஒவ்வொரு வீடும் தன் கூடையைத் தானே சுமந்து வந்து கரையில் ஓர் இடத்தில் கொட்டி மிதித்தது. இது எங்க வீட்டு இடம் என்று குழந்தைகள்கூடக் காட்டும். கடைசியாகப் புல்லட்டில் வந்து இறங்கினான் செவந்தியப்பன். செங்கல் பொடி கலந்து சிவந்துபோன ஒரு கூடை மண்ணை வைத்துவிட்டு, என் மண் இல்லாமல் உங்கள் கரை நிற்குமா என்று சிரித்தான். தூக்கி எறி என்றான் தவசி. இருளப்பன் கேட்கவில்லை; கண்மாயிலேயே ஆழமான இடமான, வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடைத்தலையில் அதைக் கொட்டச் சொன்னான், தன் மண் நிற்கிற இடத்தை எவனும் தோண்ட மாட்டான் என்றான், தானே ஏறி நின்று பாட்டுக்குத் தாளம் போட்டபடி மிதித்தான். தன் வீட்டுக் கூடையை மடையிலிருந்து தள்ளி மேற்குப் பக்கம் போட்டுக்கொண்டான். எல்லோரையும் தன்னைப் போலவே நினைக்கிற மனுஷன். இப்படி ஒருத்தனைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று பூமயில் அன்றைக்குச் சிரித்தாள்.

முத்துராக்கின் கன்னத்துக்குப் பிறகு கரை ஓயவில்லை. யார் யாரை எங்கே வைத்து அடித்தாலும், அடி வாங்கியவர் வீட்டு மண் கிடக்கிற இடத்தில் கரை பிளந்தது. அறைக்கு விரல் நுழையும், பிரம்புக்குக் கை நுழையும், விறகுக் கட்டைக்கு ஆளே நுழையலாம். மரத்திலிருந்து விழுந்தவர்களையும் மாடு முட்டியவர்களையும் கரை கண்டுகொள்ளவில்லை, மனுஷன் வேண்டுமென்றே அடித்த அடியை மட்டும்தான் கண்டுகொண்டது. பார்க்க வந்த ஓவர்சியர் எலிவளை என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டுப் போனார், ஊரும் சரிங்க சார் என்று தலையாட்டியது. பெண்டாட்டியை அடிக்கிறவர்கள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு தந்திரம் செய்தார்கள்: பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கூட்டிப்போய் அடித்தார்கள், அப்படியும் பிளந்தது, வாயைப் பொத்தி அடித்தார்கள், அப்படியும் பிளந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒரு கணக்குப் பரீட்சைக்குப் பிறகு கரையில் வரிசையாக ஓடிய வெடிப்புகளைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பிரம்பை அடுப்பில் வைத்தார். வெளியூரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கரையில் ஒரு நடை நடந்து, இது எந்த வீட்டு இடம், ஏன் இத்தனை ஒட்டு என்று விசாரித்தார்கள்; ஒன்றிரண்டு சம்பந்தம் கரையிலேயே முறிந்தது.

அடி அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது, மறைவு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வாரம் தவறாமல் பிளவுகளை அடைத்தார்கள், அடைக்கிற மண்ணை அடித்தவனையே சுமக்க வைத்தார்கள். மாயழகு தான் அறைந்த இடத்துக்குத் தானே மண் சுமந்தான். முத்துராக்கு கரைமேல் உட்கார்ந்து காலை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக் கண்மாயில் பாதித் தண்ணீர் நின்றது. மேட்டுப் பக்கம் இன்னும் காய்ந்து கிடந்ததால் செவந்தியப்பன் அங்கே ஜேசிபியை இறக்கினான். சொல்லிப் பார்த்தார்கள், மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், லாரியை மறித்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நாள் காலையில் இருளப்பன் போய் ஜேசிபியின் முன்னால் உட்கார்ந்துவிட்டான். கையில் ஒன்றும் இல்லை. உங்க வீட்டு மண்ணும் இந்தக் கரையிலதான இருக்குண்ணே என்று அவன் சொன்னது மற்றவர்களுக்குக் கேட்டது. செவந்தியப்பன் நடந்து வந்தான், கீழே கிடந்த கடப்பாரையை எடுத்தான், மிரட்டுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்த அடி மண்டையில். இருளப்பன் சாய்ந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை, சூளையில் உடைசல் செங்கல்லை நொறுக்குகிறவன் மாதிரி நின்று நிதானமாக அடித்தான், யாரும் ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மேற்குப் பக்கம் கரை பெரிய சத்தத்தோடு திறந்தது. மாட்டுவண்டி போகிற அகலத்துக்குத் திறந்து, தண்ணீர் நடவு முடிந்த வயல்களுக்குள் பாய்ந்தது. வயலுக்கு அப்பால், பள்ளத்தில், கீழத்தெரு வீடுகள் இருந்தன. பூமயில் புருஷன் தலையை மடியில் வைத்திருந்தாள். ரத்தம் அவள் சேலையை நனைத்து மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது, உடம்பு இன்னும் சுட்டது. தண்ணீர் போகிற இரைச்சலைக் கேட்டாள். தலையை இறக்கித் தரையில் வைத்தாள், முந்தானையைக் கிழித்து முகத்தை மூடினாள், எழுந்து ஓடினாள். உரச்சாக்குகளில் மண்ணை நிரப்பிப் போட்டார்கள், தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. வீட்டுக் கதவுகளைக் கழற்றி வந்து போட்டார்கள், அதையும் இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் ஆட்களே கைகோத்துப் பிளவுக்குள் இறங்கி உட்கார்ந்து முதுகால் தண்ணீரைத் தாங்க, மற்றவர்கள் அவர்களுக்கு முன்னால் சாக்கை அடுக்கினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் உடைப்பு அடைபட்டது. அதன் பிறகுதான் பூமயில் புருஷனிடம் திரும்பி வந்து துணியை விலக்கினாள். எறும்பு மொய்த்திருந்தது. வாய்விட்டு அழுதாள். அதை அவள் ஒருநாளும் மன்னிக்கவில்லை, செவந்தியப்பனையும் மன்னிக்கவில்லை, கரையையும் மன்னிக்கவில்லை.

செவந்தியப்பனைப் போலீஸ் கொண்டுபோனது. அடைமழைக் காலம் முடிந்து, கண்மாய் நிறைந்து விளிம்பு தட்டி நின்ற நேரத்தில் எப்படியோ ஜாமீன் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். தவசி அதற்காகவே காத்திருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கியவனை ஊர் மத்தியில் வைத்து வெட்டினான். செவந்தியப்பன் கையைக் குறுக்கே கொடுக்க, அருவாள் எலும்பு வரைக்கும் இறங்கியது. மறு வெட்டுக்கு ஓங்கியபோது மடைத்தலையில் கரை வாயைப் பிளந்தது. ஆழத்துத் தண்ணீர் பீறிட்டுக் கீழத்தெருவுக்குள் புகுந்து, இரண்டு வீட்டுச் சுவரைச் சாய்த்து, கட்டிப்போட்ட ஆடுகளைக் கயிறோடு அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மேட்டுக்கு ஓடிவந்தார்கள். தவசி அருவாளை ஓங்கியபடியே நின்றான். பூமயில் வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“விடு மதினி. பாதி வெட்டுல நிறுத்தக் கூடாது.”

“முழுசா வெட்டுனா கீழத்தெரு முழுசாப் போயிரும். உங்க அண்ணன் மிதிச்ச மண்ணு தம்பி அது.”

மடைத்தலையை அடைத்து முடிப்பதற்குள் ஊருக்கு விளங்கிவிட்டது. கையில் விழுந்த வெட்டுக்கே இப்படியென்றால், இவன் உயிர் போனால் மடைத்தலை போகும், கீழத்தெருவில் ஒரு வீடு மிஞ்சாது. ஆகவே, அவனைக் காப்பாற்றுகிற வேலை ஞாயிற்றுக்கிழமை ஆட்களின் தலையில் விழுந்தது. வெள்ளக் காலத்தில் கரைக்குக் காவல் போடுகிற மாதிரி முறை வைத்து அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்தார்கள், வெளியே போனால் பின்னாலேயே போனார்கள், கல்லோடு வந்தவர்களைக் காலைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பூமயில் தன் முறைக்கு அவன் வாசற்படியில் உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளியபடி, புருஷனைக் கொன்றவனைக் காவல் காத்தாள். உள்ளே அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிற சத்தம் கேட்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து போய்க் கழுத்தை நெரித்துவிடுவோமோ என்று பயந்து, மிளகாய் எரிகிற கைகளைச் சேலைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள்.

செவந்தியப்பனுக்கும் விளங்கிவிட்டது. கட்டுப்போட்ட கையோடு நெஞ்சை நிமிர்த்தித் தெருத்தெருவாக நடந்தான். டீ ஆறிப்போய்விட்டது என்று மாயழகின் வாயில் குத்தினான். மாயழகு கை ஓங்கியபோது கன்னத்தைக் காட்டி, அடிடா, உங்க தெரு மிதக்கட்டும் என்றான். சூளை ஆட்களை விறகால் அடித்தான். தட்டிக்கேட்ட வாத்தியாரைச் செருப்பால் அடித்தான். அடிக்கு அடி கரை பிளந்தது, நிறைகண்மாயில் ஒவ்வொரு பிளவையும் அடைத்து முடிப்பதற்குள் ஆட்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது, அடித்தவன் மண் சுமக்கவும் வரவில்லை. தவசி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே கேள்வியைக் கேட்டான், எப்ப மதினி என்று. பூமயில் தண்ணீரைக் காட்டுவாள். அது வற்றட்டும் என்பாள்.

அறுவடை முடிந்தது, சித்திரை வெயிலில் கண்மாய் வற்றி அடிமண் பாளம் பாளமாக வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் மடைத்தலையைத் தோண்டினார்கள். தேடவே வேண்டியிருக்கவில்லை, கறுத்த கரைக்குள் செவந்தியப்பனின் மண் மட்டும் வெட்டிய சதை மாதிரி சிவப்பாகத் தெரிந்தது. கடைசிப் பொடி வரைக்கும் சுரண்டி எடுத்துக் கூடையில் போட்டு, குழியை வேறு மண்ணால் மூடி மிதித்தார்கள். பூமயில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெரு வழியே நடந்தாள். செவந்தியப்பன் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் மண்ணைக் கவிழ்த்து, வெறுங்கூடையை அதன் பக்கத்திலேயே போட்டுவிட்டு, கரைக்குத் திரும்பிவிட்டாள்.

அவன் மண்ணைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். நேற்று வரைக்கும் வாசலில் உட்கார்ந்திருந்த காவல் இன்று இல்லை. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது, ஒவ்வொருவரும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள், உலக்கையை எடுத்தவர்கள் உலக்கையோடு, மண்வெட்டிக் காம்பை எடுத்தவர்கள் காம்போடு, மாயழகு பால் காய்ச்சுகிற நீளக் கரண்டியோடு. வாயில் இருந்த நுரையைக்கூடத் துப்பாமல் செவந்தியப்பன் மண்ணை இரண்டு கையாலும் வாரிக் கூடையில் போட்டான், கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினான். ஊர் ஓடவில்லை, பின்னாலேயே நடந்து வந்தது. அவன் இரண்டு தடவை இடறி விழுந்தான், விழும்போதெல்லாம் சிந்திய மண்ணைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தான்.

கரையில் பூமயிலின் காலடியில் கூடையை வைத்தான்.

“எங்கயாச்சும் போடு தாயி. எந்த மூலையிலயாச்சும் போடு.”

அவள் அறைந்தாள். மில் பெல்ட்டை இழுத்து மாட்டிப் பழகிய கை. அறை விழுந்ததும் கூடியிருந்த அத்தனை பேரும், பழக்கத்தில், கரையைத் திரும்பிப் பார்த்தார்கள். கரை அசையவில்லை. அவள் மறுபடி அறைந்தாள், மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் தோளில் அடித்தாள், விலாவில் அடித்தாள், உள்ளே என்னவோ முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது, ரத்தத்தோடு ஒரு பல் வந்து மண்ணில் விழுந்தது. ஒவ்வோர் அடிக்கும் எல்லாத் தலையும் கரைப் பக்கம் திரும்பியது, ஒவ்வொரு தடவையும் கரை சும்மா கிடந்தது. நகம் நுழைய ஒரு கீறல்கூட இல்லை. தவசி அருவாளை உருவிக்கொண்டு முன்னால் வந்தான்.

அப்போது பூமயிலுக்குப் பயம் வந்தது. அவன் மேல் இரக்கம் வந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, வந்தது பயம்தான். ஒரு மனுஷன் எலும்பு முறிய அடி வாங்குகிறான், உலகத்தில் எதுவும் உடையவில்லை. கரை எழும்புவதற்கு முன்னால் ஊர் இப்படித்தான் இருந்தது, முத்துராக்கு அடி வாங்கிய வருஷமெல்லாம் இப்படித்தான் அமைதியாக இருந்தது. கூட்டத்தைப் பார்த்தாள். மாயழகு கரண்டியைத் தாழ்த்திக்கொண்டு, வடக்கு வளைவில் தன் வீட்டு மண் கிடக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கரைக்குத் தெரியாமல் அடிக்க ஒரு வழி இருக்கிறது, மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டால் போதும் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டிருந்தது. அவனை மாதிரியே இன்னும் சிலர் அவரவர் இடத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதை முத்துராக்கு பார்த்தாள், அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

“அருவாளைக் கீழ போடு தம்பி.”

“அண்ணனை மறந்துட்டியா மதினி?”

“எறும்பு மொய்ச்ச மூஞ்சி எனக்கு மறக்குமா? கோர்ட்டுல ஏறிச் சொல்ல வேண்டியதை நான் சொல்வேன், இவன் உள்ள போவான். ஆனா இந்தக் கரையிலருந்து ஒருத்தர் மண்ணையும் ஒருத்தரும் தோண்டக் கூடாது. நான் தோண்டிருக்கவே கூடாது.”

தவசி நகரவில்லை. அவன் கையில் அருவாள் மின்னிக்கொண்டிருக்க, அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி மேற்குப் பக்கம் போனாள். இருளப்பன் செத்தபோது உடைந்த இடத்தில் அன்றைக்கு அடுக்கிய சாக்குகள் மக்கிப் பிய்ந்து கிடந்தன. அவற்றை இழுத்துப் போட்டாள். கறுப்பாக மீந்திருந்த தன் வீட்டு மண்ணின் மேல் அந்தச் சிவப்பு மண்ணைக் கொட்டினாள், இரண்டையும் மண்வெட்டியால் புரட்டினாள், மேலே ஏறி நின்று மிதித்தாள். பாட்டு இல்லை, குழாய் இல்லை, அவள் கால் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இனிமேல் இவன் மேல் விழுகிற அடி எங்கள் வீட்டு மண்ணில் விழும், விருப்பம் உள்ளவர்கள் அடிக்கலாம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தவசி அருவாளை ஒரு கருவேலங்கட்டையில் ஓங்கிக் கொத்தினான். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அண்ணன் செத்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதான்.

கேஸ் நடந்தது, பூமயில் கூண்டேறிப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள், தீர்ப்புக்கு நாள் தள்ளிக்கொண்டே போனது. செவந்தியப்பன் சூளையை மூடிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கரைக்கு வந்து மண் சுமந்தான். யாரும் அவனோடு பேசவில்லை, யாரும் அவன் மேல் கை வைக்கவும் இல்லை.

மறுபடியும் ஐப்பசி வந்து, வானம் கறுத்து, வரத்துக் கால்வாயில் நுரையோடு தண்ணீர் தலைகாட்டிய ஞாயிற்றுக்கிழமையில், மேற்குப் பக்கம் கரை ஒரு கை நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. பூமயில் முதலில் தவசியைப் பார்த்தாள். தான் அடிக்கவில்லை என்று அவன் மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தான். கூடியிருந்தவர்களைக் கேட்டாள், யாரும் தொடவில்லை என்றார்கள். அப்புறம்தான் கூடையோடு ஒதுங்கி நின்ற செவந்தியப்பனின் நெற்றியைப் பார்த்தாள். வீங்கி, தோல் கிழிந்து, ரத்தம் காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

“யாரு அடிச்சது?”

அவன் தலையைத் தூக்கவில்லை.

“யாருமில்ல தாயி. கண்ணை மூடுனா அவன் வந்து உக்காருறான். நானேதான் சுவத்துல மோதிக்கிறேன்.”

பூமயில் பிளவைக் குனிந்து பார்த்தாள். கறுப்பு எது, சிவப்பு எது என்று பிரிக்க முடியாமல் மண் ஒன்றாகிக் கிடந்தது. இருளப்பன் மேல் விழுந்த அடியும் இவன் மேல் விழுகிற அடியும் இனி ஒரே இடத்தில்தான் திறக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. பிறகு மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“மோதாத,” என்றாள். “கண்மாய்க்குத் தண்ணி வருது.”